72-இல் ஒரு பங்கு: போர் விமான மாதிரிகளும் பொய்யாமையும்

(மேல்சித்தாமூரில் கோடை விடுமுறையின்போது மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானங்களைப் பற்றி. அவற்றைச் சிறிய அளவில், பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வண்ணம் பூசி, அச்சு அசலாகச் செய்யும் கலையைப் பற்றி. இதை எந்த மண்ணில் நின்று பேசுகிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இது பார்சுவநாதர் கோயில் கொண்ட ஊர். தமிழ்ச் சமணத்தின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். மல்லிநாதர் கோயில் பாறையில் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் ஊர். விளக்கில் பூச்சி விழுந்து மாண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் தமிழ்ச் சமணரான நயினார் குடும்பங்களின் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் எட்டு இயந்திரத் துப்பாக்கி பொருத்திய விமானத்தைச் செய்து காட்டுவது தகுமா? கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணுவிரதங்களில் முதலாவது கொல்லாமை. அடுத்தது பொய்யாமை. இரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதில் ஒரு காரணம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். போரைப் பற்றிப் பொய் சொன்னால்தான் போரை விரும்ப முடியும். சினிமாவும் கணினி விளையாட்டும் காட்டும் விமானத்தில் பெட்ரோல் நாற்றம் இல்லை, உள்ளே எரிந்துபோன மனிதன் இல்லை. மாதிரி செய்பவனுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு பாகமும் எங்கே இருந்தது, எதற்காக இருந்தது என்று தெரிந்தால்தான் அவனால் அதை ஒட்ட முடியும். ஒழுங்காகச் செய்தால் இந்தக் கலை போரைப் பற்றிய பொய்யாமைப் பயிற்சி. அதனால்தான் இது கொல்லாமைக்கும் துணை என்கிறேன்.

முதலில் அளவைப் பற்றி. மாதிரி விமானப் பெட்டிகளின் மேல் 1/72 என்று அச்சிட்டிருக்கும். அசலில் 72 அங்குலம், அதாவது ஆறடி, மாதிரியில் ஓர் அங்குலம் என்று பொருள். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாவான். பிரிட்டனின் ஹரிக்கேன் என்ற சண்டை விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 40 அடி. மாதிரியில் அது 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்னொரு பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயர் 36 அடி 10 அங்குலம்; மாதிரியில் 15.6 சென்டிமீட்டர். நம் ஸ்தபதிகள் தாலக் கணக்கு வைத்துக்கொண்டு விரற்கடை உருவத்தையும் ஆளுயர உருவத்தையும் ஒரே விகிதத்தில் வடிப்பதைப் போன்றதுதான் இது. விகிதம் கெட்டால் உருவம் கெடும்.

இந்த அளவு 1930களில் இங்கிலாந்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மர மாதிரிகளால் பரவியது. 1936இல் ஃப்ராக் நிறுவனம் பென்குவின் என்ற வரிசையில் இதே அளவில் பிளாஸ்டிக் மாதிரிகளைக் கொண்டுவந்தது. போர் மூண்டதும் இந்த விளையாட்டுப் பொருளே போருக்குத் தேவையாகிவிட்டது. வானில் வருவது எதிரியா நம்மவரா என்பதை நிழலுருவம் பார்த்தே நொடியில் சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சிக்காக 1942இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரிகளைச் செய்து தரும்படி கேட்டது. அவையும் 1/72 அளவுதான். உங்கள் வயதுப் பிள்ளைகள் மரத்தைச் சீவி, கறுப்பு வண்ணம் பூசி அனுப்பினார்கள். போர் முடிந்தபின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953இல் தன் முதல் ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. பிறகு ஜப்பானில் டாமியா, ஹசேகாவா போன்ற நிறுவனங்கள் இதை மிக நுட்பமான தொழிலாக வளர்த்தன.

ஒரு கிட் வாங்கினால் பெட்டிக்குள் விமானம் இருக்காது. பிளாஸ்டிக் கம்பிச் சட்டங்களில் காய்த்துத் தொங்கும் பாகங்கள் இருக்கும். உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்த்தவை அவை. ஒவ்வொன்றையும் நறுக்கியெடுத்து, வெட்டிய இடத்தை எமரி பேப்பரால் தேய்க்க வேண்டும். ஒட்டும் சிமெண்ட் சாதாரணப் பசை அன்று. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். இடைவெளி தெரிந்தால் கார் பெயின்டர் செய்வதுபோலப் பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். பிறகு பிரைமர், அதன்மேல் வண்ணம். கடைசியாக டெக்கால் எனப்படும் மெல்லிய படலங்கள். தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து நழுவவிட்டு, இறக்கையின் மேல் வட்டச் சின்னத்தையும் எழுத்துகளையும் ஒட்ட வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் லாக்கர் வண்ணம் வெளுத்துப் பூத்துவிடும். டெக்கால் தாள் பழுத்துப்போகும். ஆகவே மழைக்காலத்தில் வண்ணம் பூசாதீர்கள். டெக்கால் தாளைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள். சிமெண்டும் தின்னரும் மூச்சுக்குக் கெடுதல். சன்னலைத் திறந்துவைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

வெளிநாட்டு கிட் விலை அதிகம் என்பது உண்மை. அட்டையும் மரமும் வைத்துத் தொடங்கலாம். தஞ்சாவூர்க் கலைஞர்கள் நெட்டியைச் சீவிப் பெரிய கோயிலையே மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பொருளில் ஒரு விமானத்தின் இறக்கை வளைவைக் கொண்டுவர முடியாதா? என்சிசி விமானப் பிரிவிலும் மாதிரி விமானம் செய்யும் பயிற்சி உண்டு. வாய்ப்பிருப்பவர்கள் அதில் சேருங்கள்.

எந்த விமானத்தை முதலில் செய்வது? இங்கேதான் நம் ஊர்க் கதை வருகிறது. போர்க்காலத்தில் திண்டிவனமும் விழுப்புரமும் தென்னார்க்காடு மாவட்டத்தில், சென்னை மாகாணத்துக்குள் இருந்தன. 1940இல் பிரிட்டனில் 5,000 பவுன் கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயர் என்று கணக்குப் போட்டு நிதி திரட்டினார்கள். பவுனுக்கு 13 ரூபாய் 5 அணாவுக்குச் சற்று மேல் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 66,600 ரூபாய். குடியேற்ற நாடுகள் எங்கும் போர் நிதி திரண்டது. சென்னை மாகாணம் கொடுத்த நன்கொடைக்காகப் பிரிட்டிஷ் விமானப்படையின் மூன்று படையணிகளுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர் சூட்டப்பட்டது. 79ஆம் அணி, 234ஆம் அணி, 264ஆம் அணி. பொது வரலாற்றில் பதிவான செய்தி இது. ஆனால் நம் பள்ளிப் பாடங்களில் இதை நான் பார்த்ததில்லை. கோதாவரிக் கரை உழவர் முதல் தாமிரபரணிக் கரை உழவர் வரை வாழ்ந்த மாகாணத்தின் பெயர் அந்த அணிகளின் பெயரில் நின்றது. அந்தப் பணம் யார் மடியிலிருந்து போனது என்பதை நினைக்காமல் அந்த விமானங்களைச் செய்யக் கூடாது.

264ஆம் அணியிலிருந்து தொடங்குவோம். அது ஓட்டியது டிஃபயன்ட் என்ற விமானம். அதன் கிட்டைத் திறந்து இறக்கைப் பாகங்களைத் தேடினால் ஒரு விநோதம் தெரியும்: இறக்கையில் துப்பாக்கியே கிடையாது. நான்கு துப்பாக்கிகளும் விமானியின் முதுகுக்குப் பின்னால், சுழலும் கண்ணாடிக் கூண்டுக்குள். கூண்டுக்குள் இன்னொருவர் உட்கார்ந்து சுட வேண்டும். 1940 மே 29 அன்று பிரான்சின் டன்கர்க் வானில் ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக இந்த அணி அறிவித்தது. உண்மையான எண்ணிக்கை அதைவிடக் குறைவு. முன்பக்கம் சுட முடியாத விமானம் என்று எதிரிக்குத் தெரிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. ஆகஸ்ட் 24 அன்று அணித் தலைவர் ஃபிலிப் ஹன்டர் திரும்பி வரவில்லை. அந்த மாத முடிவுக்குள் பகல் சண்டையிலிருந்தே டிஃபயன்ட் விலக்கப்பட்டது. அந்தக் கண்ணாடிக் கூண்டை இடுக்கியால் பிடித்து ஒட்டும்போது, அடிபட்ட விமானத்திலிருந்து சுடுநர் வெளியேறும் வழி எவ்வளவு குறுகியது என்பது கைக்குத் தெரியும். புத்தகத்தில் படித்தால் அது தகவல். கையால் பொருத்தினால் அது வேறு.

234ஆம் அணி ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. விமானத்தின் பக்கவாட்டில் ஏஇசட் என்ற எழுத்துகள் இருக்கும். அந்த அணியின் விமானி பாப் டோ, 1940இல் இங்கிலாந்து வான்போரில் பெயர் பெற்றவர். அவருடைய பிற்காலம் நம்மைத் தொடுகிறது. கிழக்குக்கு அனுப்பப்பட்டு, இந்திய விமானப்படையின் 10ஆம் அணியை உருவாக்கி, ஹரிக்கேன் விமானங்களோடு பர்மாப் போரில் நடத்தினார். ஒரே மனிதரின் இரண்டு விமானங்களை அருகருகே வைத்தால் இங்கிலாந்து வானமும் பர்மா வானமும் ஒரே மேசைக்கு வந்துவிடும்.

79ஆம் அணி 1942இல் இந்தியாவுக்கே வந்தது. வங்காளத்திலிருந்தும் அரக்கான் எல்லையிலும் ஹரிக்கேனில் பறந்தது. 1944இல் தண்டர்போல்ட் விமானத்துக்கு மாறியது. மாதிரி செய்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் வரும் டெக்கால் பெரும்பாலும் ஐரோப்பியப் போருக்கானது. பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி இருக்கும். இந்தியாவிலும் பர்மாவிலும் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானிய விமானத்தின் சின்னம் சிவப்பு வட்டம். தூரத்தில் சிவப்பைக் கண்டதும் தன் பக்கத்து விமானத்தையே சுட்டுவிடக் கூடும். ஆகவே இங்கே நீலமும் வெள்ளையும், பிறகு அடர்நீலமும் வெளிர்நீலமும் மட்டுமே. பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டினால், இந்த வானத்தில் பறக்காத விமானத்தைச் செய்தவர்களாவோம். சிவப்பை மறைத்து நாமே வண்ணம் கலந்து பூச வேண்டும். ஒரு நெல்மணி அளவுப் புள்ளிக்காக இவ்வளவு மெனக்கெடுவதா என்று கேட்பார்கள். அந்தப் புள்ளியால் உயிர் போகும் என்று அஞ்சித்தானே அழித்தார்கள்!

அந்த வான்போர் நமக்கு எவ்வளவு அருகில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானின் ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ரத்மலானையிலிருந்து 30ஆம் அணியும், குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கியிருந்த 258ஆம் அணியும் ஹரிக்கேன்களில் எழுந்தன. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னை நகரம் அச்சத்தில் காலியாயிற்று. மூட்டை முடிச்சோடு மக்கள் ரயிலேறி உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். சென்னை மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகள், குண்டு விழுந்தால் தப்பி ஊருக்குள் வந்துவிடும் என்று சுட்டுக் கொல்லப்பட்டன. போரில் எந்தப் பக்கமும் சேராத உயிர்கள் அவை. விழுப்புரத்துக்குத் தெற்கே உளுந்தூர்பேட்டையில் அந்தப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் இன்றும் இருக்கிறது. சூலூர், சோழவரம், கயத்தாறு என்று தமிழ்நாடு முழுவதும் அந்தத் தடங்கள் உண்டு. போர் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று நினைத்துக்கொண்டு மாதிரி செய்யாதீர்கள்.

கொழும்பு வானில் மோதிய இரண்டு விமானங்களையும் செய்து அருகருகே வையுங்கள். ஜப்பானின் சீரோவும் பிரிட்டனின் ஹரிக்கேனும் இறக்கை அளவில் ஏறக்குறைய ஒன்றே. எடை? சீரோ வெறுமையாகச் சுமார் 1,700 கிலோ. ஹரிக்கேனின் இரண்டாம் வகை சுமார் 2,600 கிலோ. 900 கிலோ எங்கே போயிற்று? தேடிப் பார்த்தால் ஒரு பகுதி விடை இருக்கையின் பின்னால் கிடைக்கும். அன்றைய சீரோவில் விமானியின் முதுகைக் காக்கும் எஃகுத் தகடு இல்லை. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் தொட்டியும் இல்லை. தொலைதூரம் பறக்கவும் சட்டென்று திரும்பவும் வேண்டி, மனிதனைக் காக்கும் எடையைக் குறைத்தார்கள். ஹரிக்கேன் மட்டும் இரக்கமுள்ள இயந்திரமா? விமானியின் முழங்காலுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் தொட்டி, இரு இறக்கைகளும் உடலோடு சேரும் இடத்தில் தொட்டிகள். தீப்பிடித்தால் தீ நேரே முகத்துக்கு வரும். அப்படி எரிந்த முகங்களையும் கைகளையும் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கின்டோ என்ற அறுவை மருத்துவர் ஒட்டுத் தோலால் சீரமைத்தார். காக்பிட்டின் உள்ளே பச்சை வண்ணம் பூசிக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

டெல்லி பாலத்தில் உள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனால் ஹரிக்கேனையும் ஸ்பிட்ஃபயரையும் அசல் அளவில் பார்க்கலாம். அங்கேயே ஓகா என்ற சிறிய ஜப்பானிய ஊர்தி ஒன்றும் இருக்கிறது. 5 மீட்டர் இறக்கை. மாதிரியில் 7 சென்டிமீட்டர். மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்து. அதன் பாகங்களை எண்ணினால் இருக்கை உண்டு, பிடி உண்டு, முன்கண்ணாடி உண்டு. சக்கரம் இல்லை. இறங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று அது. உள்ளே உட்காரும் இளைஞன் சாவான் என்பதை வரைபடம் போடும்போதே முடிவு செய்துவிட்டார்கள். இதை ஒரு முறை கையால் செய்தவன் போரை வீர விளையாட்டு என்று பேசமாட்டான்.

இந்த ஊரில் நின்று இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தின் வால் சிறகில் நாஜிகளின் சாய்ந்த சுவஸ்திகம் இருந்தது. உங்களுக்கோ சுவஸ்திகம் ஏழாவது தீர்த்தங்கரரான சுபார்சுவநாதரின் சின்னம். தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்ற நான்கு கதிகளையும் காட்டும் குறி. ஜெர்மனியில் அந்த நாஜிச் சின்னத்தைக் காட்டச் சட்டத் தடை இருப்பதால் பல நிறுவனங்கள் டெக்கால் தாளில் அதை விட்டுவிடுகின்றன, அல்லது இரண்டு துண்டாகத் தருகின்றன. நாம் என்ன செய்வது? என் கருத்து இது: விமானத்தில் இருந்ததை இருந்தபடியே காட்டுங்கள், பக்கத்தில் அது யாருடைய சின்னமாக எத்தனை கொடுமைக்கு நின்றது என்பதையும், நம் கோயில் வாசலில் அரிசியால் இடும் சுவஸ்திகத்துக்கும் அதற்கும் உறவில்லை என்பதையும் எழுதி வையுங்கள். மறைப்பது எளிது. விளக்குவதுதான் வேலை.

சமணம் இல்லறத்தாருக்காக இம்சையை நான்காகப் பகுக்கிறது. வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. சமையல் முதலான வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை அறவே விட வேண்டும். மற்றவற்றை முடிந்த மட்டும் குறைக்க வேண்டும். கொழும்பைத் தாக்க வந்த விமானியையும், அதைத் தடுக்க எழுந்த விமானியையும் இந்தப் பகுப்பில் எங்கே வைப்பது? தடுத்தவனின் செயல் விரோதி என்றாலும் அதற்கும் இம்சை என்றுதான் பெயர். சமணம் அதைப் புண்ணியம் ஆக்கிவிடவில்லை. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். தற்காப்புக்குச் சுட்டவனும் ஓர் உயிரை எடுத்தான் என்பதை மறைக்காத தத்துவம் அது. உங்கள் மேசையில் இரண்டு விமானங்களும் நின்றால் இந்தக் கேள்வி வீட்டில் எழும். எழட்டும். மடத்துப் பெரியவர்களிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.

தம்பி தங்கைகளே, இந்த விடுமுறையில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மாதிரியைச் செய்து முடித்ததும் அதன் அருகில் ஓர் அட்டை வையுங்கள். அதில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இதை ஓட்டியவர் யார்? இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இது பறந்தபோது கீழே இருந்தவர்கள் யார்? இது எப்படி முடிந்தது? எந்த கிட் பெட்டியிலும் இந்த நான்கு பாகங்கள் இருக்காது. நீங்கள்தான் தேடிச் சேர்க்க வேண்டும். ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தை வெற்றாக விடுங்கள்; கற்பனையால் நிரப்பாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களுடைய அப்பா அம்மா 1942ஐப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அதையும் எழுதிச் சேருங்கள்.

மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர் தாங்கிய மூன்று அணிகளின் மூன்று விமானங்களும் அந்த அட்டைகளோடு இந்த வட்டாரப் பள்ளி ஒன்றில் காட்சிக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. பார்க்க வரும் குழந்தை முதலில் விமானத்தின் அழகைப் பார்க்கும். அதில் தவறில்லை, அவை அழகானவைதான். பிறகு அட்டையைப் படிக்கும். படித்து முடித்தபின், போர் வேண்டும் என்று யாராவது மேடையில் முழங்கினால், அந்தப் போருக்கு யார் பணம் கொடுப்பார்கள், யார் எரிவார்கள், யார் கீழே நிற்பார்கள் என்று கேட்கத் தெரிந்த குடிமகனாக வளரும். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களை வளர்ப்பதற்குக் கொல்லாமையை இத்தனை நூற்றாண்டுகள் காத்துவந்த இந்த ஊரைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியாது.